மூன்றாவது கியரில் ஒரு சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை தேரியில் வண்டியைப் புதைத்துவிட்டேன். சாத்தான்குளத்தைத் தாண்டிச் செம்மணல் மேடு தொடங்கும் இடத்தில், நாம் எப்போதும் டயரில் காற்றைக் குறைக்கிற அதே உடைமரத்து நிழலில்தான் நிறுத்தினேன். நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். பிறகு வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகை 'லாக்'குக்குத் திருப்பினேன். அதைத் திருப்பினால்தான் முன் சக்கரங்களுக்கு இழுவை போய்ச் சேரும் என்று உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்து ஏறி உட்கார்ந்து, நான்கு சக்கரக் கம்பியை இழுத்துப் போட்டு, மேட்டில் விட்டேன். பாதி மேட்டில் பின் சக்கரங்கள் இரண்டும் மணலைப் பறித்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. முன் சக்கரங்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் சும்மா நின்றன.

மண்வெட்டியால் அள்ளினேன். காய்ந்த பனையோலைகளைப் பொறுக்கி வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் புதைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். அவரைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

"முன்னாடி போற கம்பி சுத்துதா அண்ணாச்சி?"

"சுத்துது சார்."

"சக்கரம்?"

"சக்கரம் அங்கனயே நிக்கு."

அச்சுக்குள் ஏதோ முறிந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரைக் கூப்பிடுவது, எதைக் கட்டி இழுப்பது என்று யோசித்தபடி வலது பக்கம் மணலில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். வலது சக்கரத்துத் திருகு 'ஃப்ரீ'யிலேயே இருந்தது. ஒரு பக்கம் விட்டுப்போனால் மறுபக்கமும் இழுக்காது.

அது உம் பக்கம். வண்டியை ஓட்டுவது நீர். வலது பக்கம் இறங்கி வலது சக்கரத்தைப் பூட்டுவீர். நான் இடது பக்கம் இறங்கி இடது சக்கரத்தைப் பூட்டுவேன். இத்தனை வருஷத்தில் உம் சக்கரத்தை நான் தொட்டதில்லை, என் சக்கரத்தை நீர் தொட்டதில்லை. பேசி வைத்துக்கொண்டதல்ல, அப்படியே அமைந்துவிட்டது. இப்போது ஓட்டுகிறவன் நான். வலது பக்கம் இறங்கி, அந்தச் சக்கரத்தை உரசிக்கொண்டு நடந்து, சுற்றிப் போய் என் சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் ஆட்டுக்காரர்.

"ஒரு பக்கம் பூட்டாம விட்டுட்டேன்."

"அதுக்கா இம்புட்டு மண்ணத் தோண்டுனீங்க?"

"அது என் பக்கம் இல்ல அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார். எனக்கு உம்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. "இறங்கிப் போட்டா கொறஞ்சா போயிருவீரு?" என்று அந்தச் சக்கரத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். பிறகு நானே திருப்பினேன். வண்டி முக்கி முனகி ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்தும் கோபம் தீராததால் இதை எழுதுகிறேன்.

நாம் சிநேகிதர்களானதே ஓடாத ஒன்றை முன்னிட்டுத்தான். பாளையங்கோட்டையில் நான் பௌதிகம் நடத்திய பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று. அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் உம் கடைக்கு வந்தேன். காயில் கட்டி முடித்து ஓடவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டீர். பக்கத்தில் நின்ற நானும் எதற்கென்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். கடைக்குப் பின்னால் செடிகொடி மூடி ஒரு பழைய ஜீப் கிடந்தது. ஏதோ ஒரு கல்குவாரிக்காரர் வேண்டாமென்று உம் தலையில் கட்டியது.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடாது. உமக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் சரி. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சிக்கிடுங்க."

அதற்குப் பிறகு ஜீப்பும் ஓடப் படித்தது, நானும் ஓட்டப் படித்தேன். ஆனால் நீர் பக்கத்தில் இருக்கும்போது நான் ஓட்டினால், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பல்வலி வந்தவர்போல முகத்தைச் சுளிப்பீர். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நான் இடது பக்கத்துக்குப் போனேன். பக்கத்தில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். இத்தனை நெருக்கமான பிறகும் 'நீர், உமக்கு' என்பதை விட்டு நாம் 'நீ'க்கு இறங்கவேயில்லை. முதல் நாள் வாயில் வந்தது அப்படியே நின்றுவிட்டது.

உம் கடையில் இடம் போதாமல் ஜீப்பை என் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தோம். மாமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டோம். என் மனைவிக்கு அது ஆரம்பத்திலிருந்தே 'சவத்து வண்டி'தான். "இந்தச் சவத்துக்கு ஊத்துத எண்ணெயில பாதி எனக்கு வாங்கித் தந்திருந்தா வருஷம் பூரா முறுக்கு சுட்டிருப்பேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் கோயில் சட்டையோடு வருவேன். நீர் அதற்கு முன்பே வந்து வண்டிக்கு அடியில் கிடப்பீர். "சட்டையை மாத்திட்டு வாரேன்" என்பேன். "ஒரு நிமிசம் இத மட்டும் பிடிச்சிக்கிடும்" என்பீர். அந்த ஒரு நிமிசத்தில் எத்தனை வெள்ளைச் சட்டை கறுத்தது என்பது என் மனைவிக்குத்தான் தெரியும்.

துரு என் இலாகா, சத்தம் உம் இலாகா. தேரி மணலும் கடல் காற்றும் சேர்ந்து அடிச்சட்டத்தை அரிக்கும். போய் வந்த மறுநாளே கழுவி, சுரண்டி, பூச வேண்டியதைப் பூசுவேன். கிரீஸ் வைக்க வேண்டிய இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். கியர் பெட்டி எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து மணல் தட்டுகிறதா என்று சொல்லிவிடுவேன். உமக்கு அதெல்லாம் அலுப்பு. வண்டி ஓடும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு, "பின்னாடி இடது பக்கம் ஒரு புஷ் தேய்ஞ்சிருக்கு" என்பீர். கழற்றினால் தேய்ந்திருக்கும். "சத்தத்தக் கேக்காம கழத்தாதியும்" என்பதுதான் நீர் எனக்குச் சொன்ன ஒரே விதி. அதையும் சொல்லிச் சொல்லியே என்னை எரிச்சல் படுத்தினீர்.

மழைக்காலத்தில் ஆற்றோரத்து வாழைத் தோட்டங்களுக்குள் சேற்றுப் பாதை, கோடையில் தேரி. திருநெல்வேலியிலிருந்து சில வாலிபர்கள் புது வண்டிகளில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். நம் வண்டி அவர்கள் நடுவில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். ஆனாலும் மேட்டுக்கு மேலே போய்ச் சேரும். மேலே போனதும் எஞ்சினை அணைத்துவிடுவீர். பனைமரங்களின் தலைக்கு மேலே தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். முதலூரில் வாங்கிய மஸ்கோத்து அல்வாவைப் பிரித்து, எண்ணெய்க் கையாலேயே தின்போம். அங்கே நீர் அதிகம் பேசமாட்டீர். எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அங்கே மட்டும் இருந்தேன்.

அந்த மேட்டில்தான் ஒரு நாள் கியர் கறகறவென்று அரைத்தது. உம் கையில் கியர் அரைத்து நான் கேட்டதேயில்லை. மேலே போய் இறங்கியதும், "கிளட்ச் கனமா இருக்கு வே. முழுசா இறங்க மாட்டேங்கு" என்றீர். நான் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

"உமக்கு வயசாயிட்டு வே" என்றேன்.

"போம்வே" என்றீர்.

அடுத்த ஞாயிறு கிளட்ச் கம்பியைச் சரி செய்தோம். அதற்கடுத்து ஸ்பிரிங்கை மாற்றினோம். அதற்கும் சரிப்படாமல் கியர் பெட்டியை இறக்கி, கிளட்ச் தட்டையே மாற்றினோம். கழற்றிய பழைய தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல ஒண்ணுமே தேயலியே" என்றீர். புதுத் தட்டும் உமக்குக் கனமாகத்தான் இருந்தது. ஒழுங்காக இறங்காத கிளட்சோடு மாற்றி மாற்றி, மூன்றாவது கியரின் பித்தளை வளையம் தேய்ந்து, அந்தக் கியரில் போகும்போது மெலிதாக ஒரு ஊளை கிளம்பியது. அதை நானும் கேட்டேன். வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் சந்தேகப்பட்டோம். உம் இடது காலைச் சந்தேகப்பட நம் இருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. நீர் கிளம்பிப் போன பிறகு அவள் கொல்லைப்படியில் நின்றுகொண்டு, "அண்ணனோட ஒத்தச் செருப்பு இங்கன கிடக்கு. அது கழண்டது கூடத் தெரியாம போறாவ" என்றாள். இடது கால் செருப்பு. நான் அதை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து உம் வீட்டுக்கு வந்தேன். நீர் காலைக் குனிந்து பார்த்தீர். ரொம்ப நேரம் பார்த்தீர்.

திருநெல்வேலியில் காட்டினோம். மதுரைக்குப் போனோம். நரம்பு பட்டுப்போகிற நோய், காலில் தொடங்கி மேலே ஏறும், மருந்து கிடையாது என்று அந்த டாக்டர் கனிவாகத்தான் சொன்னார். அவரும் பாவம் வேறு என்ன செய்வார். நோயின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. காரில் திரும்பி வந்தோம். கோவில்பட்டி தாண்டியதும், "அப்பம் கிளட்ச் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றீர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது நம் கொட்டகையில் பெட்டி திறந்து கிடந்தது. அந்தப் பித்தளை வளையத்தை மாற்றுவதற்காகப் பிரித்துப் போட்டிருந்தோம். மறுநாள் நான் உம் வீட்டுக்கு வந்தபோது நீரே சொன்னீர். "பெட்டியை மூடுனதும் நேரா தேரிக்கு. நீரு ஓட்டும். நான் முகத்தச் சுளிக்காம வாரேன்." பக்கத்தில் நின்ற உம் வீட்டம்மா, என் மதினி, சிரித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து உம் மகன் போன் செய்யும்போதெல்லாம், "மாமா, வண்டி எப்பம் ரெடியாவும்? அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போயிரணும்" என்பான். எனக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லாமல் போயிற்று. நீர் உட்காரும் நிலையில் இருக்கும்போதே பெட்டியை மூடி, வண்டியை ஓட்டி, உம்மை அந்த மேட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். என்னால் ஆகிற காரியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கையில் இல்லை, யார் கையிலும் இல்லை.

வளையத்தை மாற்றி மூடினேன். உம்மால் கொட்டகை வரை நடந்து வர முடியாததால், செல்போனைக் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் கட்டி வைத்து, மூன்றாவது கியரில் ஒரு சுற்றுப் போய்ச் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தேன். நீர் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடினீர். மோட்டார்மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றிய அதே முகம்.

"இருக்கு வே" என்றீர். "பேரிங்கப் பாரும்."

இறக்கினேன். பேரிங்கை மாற்றினேன். மூடினேன். பதிந்து கொண்டுவந்தேன்.

"இப்பம் கொறஞ்சிருக்கு. ஆனா இருக்கு."

மறுபடியும் இறக்கினேன். அந்தப் பெட்டியைத் தனியாக இறக்குவது என்ன பாடு என்று உமக்குத் தெரியும். தாங்குவதற்கு ஆள் இல்லாமல் மாமரக் கிளையில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டுப் பைய இறக்குவேன். என் முதுகுக்கு என் மனைவி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அந்த அண்ணனுக்குக் காதும் போயிட்டோ என்னவோ" என்றாள். அவளை அதட்டினேன். மேலப்பாளையத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் இறங்கி வந்து, "ஒரு சத்தமும் இல்ல சார். இந்த வயசுல இந்த வண்டி இப்படி ஓடுததே பெருசு" என்றார். அவருக்குக் கேட்காதது உமக்குக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உம் காதைச் சந்தேகப்படவும் எனக்கு வரவில்லை.

பெட்டியை முதலில் மூடியபோது நீர் கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் வந்தீர். இரண்டாம் தடவை சக்கர நாற்காலி வந்துவிட்டது. அதற்கப்புறம் போனைப் பிடிக்கக் கை வரவில்லை, நான்தான் காதில் வைத்துப் பிடித்தேன். ஒரு நாள் உமக்குத் தெரிந்த ஒருவர் பழங்களோடு பார்க்க வந்து, "வண்டிக்குன்னா ஸ்பேர் கிடைக்கும், மனுசனுக்கு எங்க கிடைக்கு" என்று பெருமூச்சு விட்டார். அவர் போனதும் நீர், "ஒரு நாள் நம்ம வண்டிக்கு ஸ்பேர் தேடி அலைஞ்சு பாத்தான்னா இப்படிப் பேசமாட்டான்" என்றீர். நாம் இருவரும் சிரித்தோம். சிரிப்பதற்குக் கூட உமக்கு மூச்சு வாங்கியது.

அதற்கடுத்த தடவை மூடியதும் நான் பதிவு எதுவும் செய்யவில்லை. வண்டியையே ஓட்டிக்கொண்டு உம் தெருவுக்கு வந்துவிட்டேன். காலை வேளை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள். நீர் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உள்ளே ஓடி வந்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, அது ரெடி. அன்றைக்கே கிளம்பலாம். தலையணை, தண்ணீர் எல்லாம் பின்னால் ஏற்றி வைத்திருந்தேன்.

"கேளும்" என்றேன். "எப்படி இருக்கு?"

நீர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டீர். எஞ்சின் மாவு அரைக்கிற மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாவதுல சத்தம் இருக்கு வே" என்றீர்.

நான் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன்.

"வண்டி நின்னுக்கிட்டுல்லா இருக்கு. நான் கியரே போடலியே வே."

நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். "இருக்குன்னா இருக்கு" என்றீர்.

அத்தனை நாள் முதுகுவலியும் அலைச்சலும் எனக்குத் தலைக்கு ஏறின. "என்ன வெளையாடுதீரா?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். வண்டியில் ஏறக் கால் வைத்தபோது மதினி கேட்டைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தார்கள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, தெருவில் யாருக்கும் கேட்காதபடி மெதுவாகப் பேசினார்கள்.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க. வண்டி சரியாயிட்டுன்னா ஏறணும்லா. நாலு பேரு தூக்கித்தான் ஏத்தணும்னு அவுகளுக்குத் தெரியும். ஏத்துனாலும் உக்கார முடியாதுன்னும் தெரியும். நீங்க அதத் தொறந்து போட்டிருந்தீங்கன்னா, வண்டிதான் ரெடியாவலன்னு இருந்துக்கிடலாம்லா."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் உமக்காக ஓடுகிறேன் என்று நினைத்து, உம்மை நான் துரத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை பெட்டியை மூடியபோதும் உமக்கு ஒரு கதவை மூடியிருக்கிறேன். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கழற்றுவதும் மாட்டுவதும்தான்.

எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். நீர் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தீர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆமா வே" என்றேன். "இருக்கத்தான் செய்யுது. லேசா."

என் பக்கம் திரும்பினீர். "நான் சொன்னேம்லா?"

"தொறந்து பாக்கேன்."

"பையப் பாரும். அவசரமில்ல" என்றீர். "நாளைக்கு வந்து என்ன பாத்தீருன்னு சொல்லும்."

திறந்ததாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உம்மிடம் அது நடக்காது. எந்தப் பல்லில் என்ன தழும்பு, எந்த வளையத்தில் என்ன நிறம் என்று கேட்பீர். பார்க்காமல் சொன்னால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர். அதனால் ஒரு குறையும் இல்லாத பெட்டியை, மாமரக் கிளையில் சங்கிலி போட்டு, மறுபடியும் இறக்கினேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பழைய வேட்டியின் மேல் பரப்பினேன். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அதையெல்லாம் பார்த்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அவள் வண்டியைத் திட்டவில்லை.

பிறகு நம் நாட்கள் அப்படியே போயின. காலையில் ஏதாவது ஒன்றைப் பார்ப்பேன், அதைப் பத்து மணிக்கு உம்மிடம் வந்து சொல்வேன். நீர் யோசிப்பீர். பேச்சு குழறத் தொடங்கிய பிறகு உம் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து கேட்பேன். ஒரு நாள் மூன்றாவது கியரையே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். உம் உள்ளங்கையில் வைத்தால் கனம் தாங்காமல் கை சரிந்தது. என் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, உம் பெருவிரலின்மேல் பற்கள் ஒவ்வொன்றாகப் படும்படி பைய உருட்டினேன்.

"பல்லு நல்லாருக்கு" என்றீர்.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்பம் சத்தம் எங்கேருந்து வருது?"

"அதான் தெரியல வே."

"பாரும்... பாரும்."

எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உமக்குத் தெரியுமா? மதினி கேட்டுக்கு வந்தது ஜன்னலில் தெரிந்திருக்கும். உம் காதுக்கு எதுதான் தப்பும். நான் கேட்கவில்லை. நீரும் சொல்லவில்லை. உம் மகன் வந்தபோது, "பெட்டியில இன்னும் கொஞ்சம் வேலை இருக்குப்பா" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அப்போது நீர் என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று வைத்துக்கொள்ளலாம், கேலி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நீர் போன அன்று காலையிலும் பெட்டி திறந்துதான் கிடந்தது. உம் தங்கை மகன் என் வீட்டுக்கு ஓடி வந்து, "மாமா, ஜீப்பு எங்க? கடைசியா அதுலயே ஏத்திக்கிட்டுப் போவோம்" என்றான். நான் கொட்டகையைக் கைகாட்டினேன். வேட்டியின்மேல் பரப்பிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னுமா ரெடியாவல?" என்று அழுதான். பிறகு உம் வீட்டில் கூடியிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் என்னைக் குறையாகப் பார்த்தார்கள். ஒரு வாத்தியாரால் இத்தனை மாதத்தில் ஒரு பெட்டியை மூட முடியவில்லையா என்று அவர்களுக்கு. அன்றைக்கும் வண்டிதான் ரெடியாகவில்லை. உமக்கு அது பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகு பெட்டியை மூடினேன். மூடாமல் விட்டால் துருப் பிடிக்கும், அது என் இலாகா. மதினிதான் வண்டியை நானே வைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தி வைக்காமல் ஓட்ட வேண்டும் என்றார்கள். உம் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். மதினி காப்பி தருகிறார்கள். மகனைப் பற்றி விசாரிக்கிறேன், மழையைப் பற்றிப் பேசுகிறோம், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உம் அறை வாசலில் நின்று சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் திரும்புகிறேன். குறை ஒன்று இருந்தவரைக்கும் எனக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. உமக்கு நாளைக்கு வரச் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

தேரியிலிருந்து திரும்பும்போது மூலைக்கரைப்பட்டி தாண்டி நேர்ச்சாலை முழுக்க மூன்றாவது கியரிலேயே வந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, திட்டிக்கொண்டே முந்திப்போனார். நீர் தலையைச் சாய்ப்பதுபோலவே சாய்த்துக்கொண்டு கேட்டேன். பெட்டி அத்தனை சுத்தமாக ஓடுகிறது. நான் செய்த வேலையில் இதுவரை இத்தனை நேர்த்தியாக எதுவும் அமைந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் நிறுத்திய பிறகும் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னத்தக் கேக்கிய?"

"மூணாவதுல லேசா ஒரு சத்தம் இருக்கு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "எனக்கு ஒண்ணுங் கேக்கலியே."

"ஒனக்குக் கேக்காது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஒரு பழைய வேட்டியை எடுத்து வந்து கொட்டகைத் தரையில் விரித்துவிட்டுப் போனாள்.

பைய இறக்கிப் பார்க்கிறேன் வே. அவசரமில்லை.